'சரிங்க சார்' என்றால் ஒப்புக்கொண்டதாகிவிடுமா? விசாரணையில் பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரின் தேக்கா பக்கம் தொண்டூழிய மொழிபெயர்ப்புக்குப் போகிறவன் நான். வழக்கறிஞர் இல்லை. சம்பள பாக்கி, வேலையிடத்துக் காயம் என்று வருகிற ஊழியர்களில் சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு போலிஸ் விசாரணை பற்றியும் கேட்பார்கள். நம் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே வைக்கிறேன்.

"பேசுற விதத்த வச்சே ஒருத்தனத் திருடன்னு முடிவு பண்ணிடுவாங்களா?"

முடிவு பண்ண மாட்டார்கள். ஆனால் மனம் ஒரு பக்கம் சாயும். சாய்வது சாய்கிறவருக்கே தெரியாது என்பதுதான் தொல்லை.

2002இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு போலிஸ் அதிகாரியும் சந்தேக நபரும் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து ஆட்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். கேள்வி பதில் எல்லாம் ஒன்றுதான். ஒரு பதிவில் சந்தேக நபர் பர்மிங்ஹம் வட்டாரப் பேச்சில் பேசினார், மற்றதில் 'நல்ல' ஆங்கில உச்சரிப்பில். பர்மிங்ஹம் பேச்சைக் கேட்டவர்கள்தான் அவர் குற்றம் செய்திருப்பார் என்று கூடுதலாக நினைத்தார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரே வாக்குமூலத்தைச் செய்தி வாசிப்பவரின் தமிழில் ஒருமுறையும் கொச்சைத் தமிழில் ஒருமுறையும் சொல்லிப் பார்ப்பது போல.

2010இல் ஷிரி லெவ்-ஆரி, போவாஸ் கெய்சர் என்ற இரு ஆய்வாளர்கள் வேறொன்றைச் சோதித்தார்கள். 'ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணீரில்லாமல் இருக்கும்' என்பது போன்ற துண்டுத் தகவல்களை அந்நிய உச்சரிப்பில் சொன்னபோது, கேட்டவர்கள் அதைக் குறைவாகவே நம்பினார்கள். பேசுகிறவர் சொந்தக் கருத்தைச் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார் என்று தெரிந்த பிறகும் அப்படித்தான். காதுக்குச் சிரமமாக இருந்தால் மனம் அதைப் பொய்க் கணக்கில் எழுதிவிடுகிறது.

"இங்க ஜூரி கிடையாதே? ஜட்ஜு படிச்சவரு, அவரும் அப்படி நெனைப்பாரா?"

ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, சிங்கப்பூரில் 1970 முதல் இல்லை. லீ குவான் இயூ இளம் வழக்கறிஞராக இருந்தபோது, 1950 மரியா ஹெர்டோக் கலவரத்தில் நடந்த கொலைக்காகக் குற்றம் சாட்டப்பட்ட நால்வருக்கு வாதாடி, ஜூரியின் மனத்தில் சந்தேகத்தைக் கிளப்பி அவர்களை மீட்டார். அந்த அனுபவமே தமக்கு ஜூரி முறையில் நம்பிக்கை போகக் காரணம் என்று பின்னாளில் சொன்னார். சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக இருந்த வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் ஜூரியை நீக்குவதைக் கடுமையாக எதிர்த்தார். அந்தச் சண்டை நமக்கு இப்போது வேண்டாம்.

நமக்கு வேண்டியது இதுதான்: நீதிபதி தீர்ப்புக்குக் காரணம் சொல்ல வேண்டியவர். 'பார்த்தால் திருடன் மாதிரி இருந்தான்' என்று அவரால் எழுத முடியாது. சாட்சியின் பேச்சுத் தோரணையை நேரில் பார்த்தவர் என்பதால் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு மதிப்புக் கொடுக்கும். ஆனால் சொன்னது முன்னுக்குப்பின் ஒத்துப்போகிறதா, மற்ற ஆதாரங்களோடு பொருந்துகிறதா என்பதை மேல் நீதிமன்றமும் அதே அளவுக்கு எடைபோட முடியும் என்பது இங்கே நிலைபெற்ற கொள்கை. 1924இல் இங்கிலாந்து நீதிபதி அட்கின் சொன்னதும் இதே போக்குதான். சாட்சியம் தெரிந்த உண்மைகளோடு பொருந்துவது ஓர் அவுன்ஸ் இருந்தாலும், பல பவுண்டு தோரணையைவிட அது மேல் என்றார்.

எனக்குக் கவலை நீதிபதியைப் பற்றி அல்ல. வழக்கு அவரிடம் போவதற்கு முன்பே, ஒரு சின்ன அறையில் எல்லாம் ஆங்கிலத் தாளாகிவிடுகிறதே, அதைப் பற்றித்தான்.

"தமிழ்ல பேசினா அப்படி என்ன மாறிடப் போவுது?"

நிறைய. இந்தக் கேள்விக்கு மட்டும் நீட்டி எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'சரி'. வீட்டில் அப்பா திட்டும்போது 'சரிப்பா, சரிப்பா' என்போம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறோமா? 'காதில் விழுந்தது, மேலே சொல்லுங்கள்' என்பதுதான் அதன் அர்த்தம். அதே ஆள் ஐஓ எனப்படும் விசாரணை அதிகாரி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சரிங்க சார்' என்று தலையாட்டினால் அது வேறு கணக்காகிவிடும். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் பேச்சைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டயானா ஈட்ஸ், அதிகாரத்தில் இருப்பவர் கேட்டால் உண்மையோ இல்லையோ 'ஆமாம்' என்று சொல்லிவிடும் பழக்கம் நீதிமன்றங்களில் எத்தனை பேரைச் சிக்கவைத்தது என்று காட்டியிருக்கிறார். நாம் அதற்கு 'ஆமாம் சாமி போடுறது' என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டோம்.

அடுத்தது 'அண்ணன்'. 'ஒரு அண்ணன்தான் இந்தப் பையக் கொடுத்தாரு' என்கிறார் ஒருவர். தாளில் 'என் அண்ணன் கொடுத்தார்' என்று ஏறுகிறது. மூன்று நாள் கழித்துக் குடும்ப விவரம் கேட்டால், 'கூடப் பொறந்தவங்க ரெண்டு தங்கச்சி, அவ்வளவுதான்' என்கிறார். அன்று அண்ணன், இன்று அண்ணனே இல்லை. தமிழ் தெரிந்தவருக்கு இதில் முரணே கிடையாது. மூத்த ஆணைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை, அதனால் அண்ணன். தாளை மட்டும் படிப்பவருக்கோ அது பொய்.

'அவங்க' இதைவிட மோசம். 'அவங்க கொடுத்தாங்க' என்றால் பலராகவும் இருக்கலாம், மரியாதைக்குரிய ஒரே பெண்மணியாகவும் இருக்கலாம், முதலாளியாகவும் இருக்கலாம். ஒருமுறை பன்மையாகவும் மறுமுறை ஒருமையாகவும் மொழிபெயர்த்தால் ஆள் கணக்கு மாறிவிடும்.

'கை பட்டுருச்சு' என்பதை யோசித்துப் பாருங்கள். எம்ஆர்டி ரயில் நெரிசலில் தெரியாமல் பட்டதைச் சொல்ல நம்மிடம் இருக்கும் சொல் அது. அதில் செய்தவன் இல்லை, கை மட்டும்தான் இருக்கிறது. 'தொட்டேன்' என்று அவர் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் 'நான் தொட்டேன்' என்று ஏறினால் தற்செயல் என்ற பாதி காணாமல் போய்விடும். 'ஒடைஞ்சிருச்சு', 'ஒடைச்சிட்டேன்' இரண்டுக்கும் உள்ள தூரமும் இதே மாதிரிதான்.

'வந்தானாம்' என்பதில் அந்த 'ஆம்' இருக்கிறதே, 'நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள்' என்பதை ஒற்றை அசையில் சொல்லிவிடுகிறது. அந்த அசை விழுந்துவிட்டால் கேள்விப்பட்டவர் கண்ணால் கண்ட சாட்சியாகிவிடுவார். அப்புறம், 'கொன்னுடுவேன்'. இதைச் சொல்லாத அம்மா யார்? ஆனால் சண்டையில் சொன்னதை அப்படியே எழுதினால் அது மிரட்டல்.

இவை எல்லாம் நடந்தே தீரும் என்று சொல்லவில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர் 'யாரு அந்த அண்ணன், சொந்தமா, சும்மா கூப்பிடுறதா?' என்று கேட்க வேண்டும் என்று அதிகாரியிடம் சொல்லி, தெளிவுபடுத்திக்கொள்வார். இரவு இரண்டு மணிக்கு, நாலாவது வாக்குமூலத்தில், எல்லாருக்கும் அந்தப் பொறுமை இருக்குமா என்பதுதான் கேள்வி.

"மொழிபெயர்ப்பாளரும் தமிழர்தானே? அவருக்குப் புரியாதா?"

பெரும்பாலும் புரியும். ஆனால் தமிழ் என்பது ஒரே தமிழ் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர் 'அவர் எனக்குப் பேசினவர்' என்றால் திட்டினார் என்று பொருள். சாதாரணமாகப் பேசியதற்கு அவர்கள் 'கதைச்சவர்' என்பார்கள். தமிழ்நாட்டுக் காதில் 'கதைக்கிறான்' என்றால் கதை விடுகிறான் என்று விழும்! புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர் வேகமாகப் பேசினால், சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நானே சில சமயம் திரும்பக் கேட்பேன். நான் சந்தையை 'பாசார்' என்றால் அவர் விழிப்பார். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்வதில் வெட்கம் இல்லை. இரண்டு பக்கத்துக்கும்தான் சொல்கிறேன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியுமே. தமிழ்ல கேட்டா மட்டமா நெனைக்க மாட்டாங்களா?"

வேலையிடத்து இங்கிலீஷும் வாக்குமூலத்து இங்கிலீஷும் ஒன்றல்ல. ஒரு சின்னச் சோதனை. 'நீ அங்க போகலையா?' என்று தமிழில் கேட்டால், போகாதவர் என்ன சொல்வார்? 'ஆமா, போகல.' அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்கும்போது, பழக்கதோஷத்தில் 'எஸ்' என்று சொல்லி நிறுத்தினால், போனேன் என்று எழுதிக்கொள்ளவும் இடமிருக்கிறது. சூப்பர்வைசரிடம் ஆங்கிலத்தில் சமாளிப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது என் அனுபவம். ஒன்றும் தெரியாதவர் தமிழ் கேட்டு வாங்கிவிடுவார். தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, கூச்சப்படாமல் கேளுங்கள்.

"தலையக் குனிஞ்சு பேசினா பயப்படுறான், பொய் சொல்றான்னு நெனைப்பாங்களாமே?"

நினைப்பவர்கள் உண்டு. பெரியவர் கண்ணை நேராகப் பார்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, 'என்னப் பார்த்துப் பேசு' என்ற உத்தரவு எவ்வளவு குழப்பும் என்று யோசித்துப் பாருங்கள். பதற்றத்தில் சிரிப்பு வந்துவிடுபவர்களின் பாடு இன்னும் திண்டாட்டம்.

பொய்யைப் பார்வையால் பிடித்துவிடலாம் என்று நம்புபவர்களுக்கு ஒரு கணக்கு. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியிட்டார்கள். எது பொய், எது மெய் என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 100க்கு 54 தடவை. காசைச் சுண்டிப் பார்த்தால் 50 வந்துவிடுமே! மெய் சொல்பவர், தன்னை நம்பமாட்டார்களோ என்ற பயத்தில் நடுங்குவார். அந்த நடுக்கத்தைப் பொய்யின் அடையாளமாக எடுத்துக்கொள்வதற்கு உளவியலாளர் பால் எக்மன் 'ஒத்தெல்லோ பிழை' என்று பெயர் வைத்தார்.

நடுங்காவிட்டால் தப்பித்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1980இல் லிண்டி சேம்பர்லைனின் கைக்குழந்தை காணாமல் போனது. டிங்கோ நாய் தூக்கிப் போய்விட்டது என்றார் அவர். தொலைக்காட்சியில் அவர் அழாமல் நிதானமாகப் பேசியதைப் பார்த்த ஊரே 'இவள் ஒரு தாயா?' என்றது. 1982இல் கொலைக்குற்றம் உறுதியாகி ஆயுள் தண்டனை. பின்னர் அவர் விடுவிக்கப்பட்டாலும், டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி அறிவித்தது 2012இல். அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சு.

கோவலன் கதையையும் நினைத்துக்கொள்வேன். கொல்லப் போன காவலர்கள் அவன் தோற்றத்தைப் பார்த்து, இவன் கொலைக்குரிய கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அங்கே தோற்றம் அவனுக்குச் சாதகம்! பொற்கொல்லன் பேச்சுக்கு முன்னால் அது எடுபடவில்லை. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

"பேசாமயே இருந்துட்டா நல்லதா?"

எளிய பதில் இல்லை. இரண்டு விதமான வாக்குமூலங்கள் உண்டு. போலிஸ் விசாரணையின்போது எடுப்பது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்கீழ் வருவது. அதில் உண்மையைச் சொல்லக் கடமை உண்டு, ஆனால் உங்களைக் குற்றச்சாட்டில் மாட்டிவிடக்கூடியதைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கப் படங்களில் போல யாராவது 'மௌனமாக இருக்க உனக்கு உரிமை உண்டு' என்று ஓதுவார் என்று காத்திருக்காதீர்கள்.

குற்றச்சாட்டு சுமத்தப்பட்டபின் எடுப்பது 23ஆம் பிரிவு. அப்போது ஓர் எச்சரிக்கை வாசிக்கப்படும். உங்கள் பக்கத்து நியாயத்தை இப்போது சொல்லாமல் நீதிமன்ற விசாரணையில் முதன்முதலாகச் சொன்னால், நீதிபதி நம்புவது குறையலாம் என்பது அதன் சாரம். ஆகவே அங்கே மௌனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. 'சொன்னா மட்டும் நம்பவா போறாங்க' என்று சலித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தரப்பின் முக்கியமான விஷயம் ஏதாவது இருந்தால், அந்த இடத்தில் அதைச் சுருக்கமாகவாவது சொல்லிவிடுவது பற்றி யோசியுங்கள்.

"பயத்துல மொதல்ல பொய் சொல்லிட்டான். அவ்வளவுதானா, முடிஞ்சதா?"

முடியவில்லை. பொய் சொன்னதே குற்றத்துக்கு ஆதாரமாக வேண்டுமென்றால், அது வேண்டுமென்றே சொன்னதா, முக்கிய விஷயம் பற்றியதா, உண்மை வெளிவந்தால் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்தில் சொன்னதா, பொய் என்பது வேறு ஆதாரத்தால் தெளிவாகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். 1981இல் வந்த லூக்கஸ் என்ற ஆங்கில வழக்கிலிருந்து வந்த அளவுகோல் இது. சிங்கப்பூரும் கைக்கொள்கிறது. மனிதர்கள் வெட்கத்திலும், வேறு யாரையோ காப்பாற்றவும், வெறும் பீதியிலும் பொய் சொல்வார்கள் என்பதைச் சட்டம் அறியும்.

2011இல் சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கிய நைஜீரியர் ஒருவரின் போதைப்பொருள் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உயர் நீதிமன்றம் விடுவித்தது. வாக்குமூலங்களில் பொய் சொன்னதைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் குற்றவாளி என்றது. பிறகு, ஐந்து வயதில் ஒரு படுகொலையைக் கண்ணால் கண்டதால் வந்த மனப்பாதிப்பு அவருக்கு இருந்தது மருத்துவ அறிக்கையில் தெரிந்தது. அவர் ஏன் அப்படிப் பேசினார் என்பதற்கு வேறொரு விளக்கம் கிடைத்தது. வழக்கு மறுபடி திறக்கப்பட்டு, 2020இல் அதே நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒன்பது ஆண்டுகள்.

"அப்போ நல்லாப் பேசத் தெரிஞ்சவன் தப்பிச்சிடுவான்?"

ஓரளவுக்கு, ஆமாம். 1970களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஓ'பார் குழுவினர் ஒரே சாட்சியத்தை இரண்டு விதமாகச் சொல்லவைத்தார்கள். 'வந்து... இருக்கலாம்னு நெனைக்கிறேன் சார்' என்று இழுத்து, அளவுக்கு மீறிய பணிவோடு சொன்னதைக் கேட்டவர்கள் குறைவாக நம்பினார்கள். பட்பட்டென்று சொன்னது நம்பப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், சூசன் பெர்க்-செலிக்சன் ஸ்பானிஷ் சாட்சிகளை வைத்துச் செய்த ஆய்வில் பணிவு எதிர்மாறாக வேலை செய்தது. சாட்சியின் 'ஐயா'வை மொழிபெயர்ப்பாளர் விடாமல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது, அந்தச் சாட்சி கூடுதல் நம்பகமானவராகத் தெரிந்தார். இதைப் படித்த பிறகு நான் 'ங்க'வை விழுங்குவதை நிறுத்திவிட்டேன். முன்பெல்லாம் நேரம் மிச்சம் என்று 'இல்லீங்க சார், பார்க்கலீங்க' என்பதை வெறும் 'இல்லை' என்று ஆக்கிவிடுவேன். யாருக்கு என்ன கெடுதல் செய்தேனோ.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?"

எழுதியதை உங்களுக்கு வாசித்துக்காட்ட வேண்டும். ஆங்கிலம் தெரியாவிட்டால் உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது. அப்போது தூக்கம் கண்ணைச் சுழற்றும், 'எல்லாம் சரியா?' என்றால் வழக்கம்போல 'சரிங்க சார்' வந்துவிடும். இங்கேதான் நிறுத்த வேண்டும். மேலே சொன்ன அண்ணன், அவங்க, பட்டுருச்சு எல்லாம் தாளில் என்னவாக ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். பேர் தெரிந்தால் பேர் சொல்லுங்கள். திருத்தச் சொல்லலாம்.

மொழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு, இந்தோனேசியப் பணிப்பெண் பார்த்தி லியானியின் வழக்கே போதும். திருட்டுக்காக 2019இல் 26 மாதச் சிறைத்தண்டனை பெற்றவரை, 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. வாக்குமூலம் எடுக்கும்போது பஹாசா இந்தோனேசியா தெரிந்த மொழிபெயர்ப்பாளர் தரப்படாததும் அவ்வழக்கில் எழுந்த குறைகளில் ஒன்று. மலாயும் இந்தோனேசியமும் அக்காள் தங்கை மொழிகள்தானே என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். 'கதைக்கிற' தமிழும் 'பேசுற' தமிழும்கூட அப்படித்தான்.

"வீடியோ எடுப்பாங்களாமே?"

2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சில குற்றங்களில் விசாரணையை வீடியோவில் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்தது. நல்லதுதான். மொழிபெயர்ப்பில் தவறிருந்தால் மூலப் பேச்சைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் வீடியோவில் முகமும் தெரியும். குனிந்த தலையும் தெரியும்.

"எங்க பையனுக்குப் புரிஞ்சுக்கிற சக்தி கொஞ்சம் கம்மி. தனியா உட்கார வைப்பாங்களா?"

அறிவுத்திறன் குறைபாடு, மனநலப் பாதிப்பு உள்ளவர்களை விசாரிக்கும்போது பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் பக்கத்தில் இருக்கும் திட்டம் 2015 முதல் எல்லாப் போலிஸ் பிரிவுகளிலும் இருக்கிறது. சிறு வயதுச் சந்தேக நபர்களுக்கு 2017இல் அதே போன்ற ஏற்பாடு வந்தது. அவர் வழக்கறிஞர் அல்லர், பையனுக்காகப் பதில் சொல்லவும் மாட்டார். பையனுக்குக் கேள்வி புரிகிறதா, பதற்றம் கூடுகிறதா என்று கவனிப்பார். பையனின் நிலைமையை அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவத் தாள் இருந்தால் எடுத்துப் போங்கள். பார்த்தால் தெரியாத குறை என்றால் யாரும் தாமாக ஊகிக்க மாட்டார்கள்.

"வக்கீலுக்குக் காசில்ல."

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2022 டிசம்பரில் தொடங்கிய அரசாங்கப் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டு ஊழியர்கள் கிளாஸ் எனப்படும் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். இரண்டிலும் தகுதி பார்ப்பார்கள்.

"மொழிபெயர்ப்பாளரு நம்ம ஊர்க்காரரு. அவருகிட்ட மட்டும் தனியா உண்மையச் சொல்லலாமா?"

கூடாது. இதை ஏறக்குறைய எல்லாருமே ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். அந்த அறையில் தமிழ் பேசும் ஒரே முகம் அவருடையது, 'அண்ணே, இத மட்டும் அவருகிட்ட சொல்லாதீங்க' என்று வாய்வரை வந்துவிடும். அவர் உங்கள் பக்கத்து ஆளும் இல்லை, போலிஸ் பக்கத்து ஆளும் இல்லை. நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அந்தப் பக்கம் சேர்ப்பதுதான் அவர் வேலை. 'சொல்லாதீங்க' என்றதையும் சேர்த்தே மொழிபெயர்ப்பார்.